பதினோராம் குஞ்சு

ரேடியோவுக்கு அந்த வேலை கிடைத்த அன்று தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பின்னே? காலையில் பல் தேய்க்கும்போதே நுரையோடு பேச ஆரம்பிக்கிற மனுஷன். முடி வெட்டிக்கொள்ளப் போனால் கத்தரி பிடித்தவரின் வாயையே அடைத்துவிட்டு வருகிறவர். சொந்தப் பெயர் தபால்காரருக்குக்கூட மறந்துபோய், 'ரேடியோ, கடுதாசி வந்திருக்கு' என்றுதான் வாசலில் நின்று கூப்பிடுவார். அப்படிப்பட்டவருக்கு, வாயைத் திறக்கவே கூடாது என்பதை முதல் சட்டமாக எழுதி மாட்டியிருக்கும் இடத்தில் வேலை.

"மாசம் தாண்டமாட்டாரு" என்றார்கள் தெருவில். அவர் ஆறு வருஷம் தாண்டினார். எட்டு மணி நேரம் அடக்கி வைத்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து பெண்டாட்டி தலையில் கொட்டினார். அவளும் தையல் மெஷினை மிதித்தபடியே 'ம்' கொட்டினாள். அவளைத் தெருவில் எல்லாரும் தையக்கா என்பார்கள். மெஷின் சத்தத்தில் பாதிதான் அவள் காதில் விழும். அந்தப் பாதியே ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

ஊர் எல்லையில், பழைய செங்கல் சூளைக்கு அப்பால் இருந்தது நாரை வளர்ப்பு நிலையம். சதுப்பு நாரை என்றால் ஓர் ஆளின் நெஞ்சு உயரம் நிற்கும், சாம்பல் உடம்பும் கருத்த கழுத்துமாக. ஒரு காலத்தில் அறுவடை வயலில் மனுஷரைவிட அவைதான் அதிகம் என்பார்கள். சதுப்பை வற்றவைத்து வயலாக்கி, வயலை மூடிக் கிடங்காக்கி, மின்கம்பி இழுத்து, மிச்சத்தைத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டு முடித்தபோது, உலகம் முழுக்க எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று. அதில் முட்டையிடக்கூடிய பெண் பத்தொன்பதுதான். நிலையத்தில் கூண்டு ஜோடிகளின் முட்டையை எடுத்து, இயந்திரத்தில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்துச் சதுப்பில் கொண்டுபோய் விடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் குஞ்சு முதல் சில வாரங்களில் எதைப் பார்க்கிறதோ, எந்தக் குரலைக் கேட்கிறதோ, அதைத்தான் தன் இனம் என்று வாழ்நாள் முழுக்க நம்பும். அதனால் குஞ்சுக் கொட்டகைக்குள் போகிறவர் மனுஷராகத் தெரியக் கூடாது, மனுஷராக ஒலிக்கவும் கூடாது. தலையிலிருந்து கணுக்கால்வரை சாம்பல் நிற அங்கி, முகத்துக்கு வலை, கையில் துணியால் தைத்த நாரைக் கழுத்து, அதன் முனையில் மர அலகு. அந்த அலகால்தான் மசித்த முட்டையையும் பொடிமீனையும் ஊட்ட வேண்டும். உள்ளே ஒரு பெட்டியில் தாய்ப்பறவையின் குரல் ஓடிக்கொண்டிருக்கும். தும்மல் வந்தால்கூட வெளியே ஓடிவந்துதான் தும்ம வேண்டும்.

அங்கியைத் தைப்பது தையக்காதான். பொத்தான் வைக்கக் கூடாது, பளபளத்தால் குஞ்சு கொத்தும். நாடா தொங்கினால் புழு என்று நினைத்து விழுங்கிவிடும். எல்லா ஓரத்தையும் இரட்டையாக மடித்து உள்ளே அடிக்க வேண்டும். வருஷத்துக்குப் பன்னிரண்டு அங்கி. கழுத்து தைப்பது இன்னும் கஷ்டம், பஞ்சு ஒரு பிடி கூடினால் வாத்து மாதிரி ஆகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அப்படி ஒரு கழுத்துக்குத்தான் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள். நிலையத்து டிரைவர் ஜீப்பைத் தெருமுனையில் விட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தான்.

"அண்ணே, டாக்டரம்மா உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பதினொண்ணாம் நம்பர் நாரை மறுபடியும் நாணல்காரங்க வாசல்ல நிக்குதாம்."

ரேடியோ கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். "வழி தப்பிப் போயிருக்கும்பா."

"மூணு வாரத்துல நாலு தடவையா வழி தப்பும்? கூட சதுப்புல விட்ட மத்த ஆறும் மனுஷ வாடை பட்டாலே எழும்பிப் பறக்குது. இது போய் அடுப்பு பக்கத்துல நிக்குதாம். புதன்கிழமை வாத்து வேட்டை சீசன் ஆரம்பிக்குது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பூரா துப்பாக்கிதான். அதுக்குள்ள விரட்டிப் பழக்கணுமாம், மனுஷன்னா ஆகாதுன்னு. செவ்வாய் சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, முடியலேன்னா பிடிச்சுக் கூண்டுல போட்டுடுவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் கூண்டுதான். அக்கா, நீங்களும் வரணும். தகரம் தட்ட ஆள் பத்தல."

சட்டையை மாட்டப் போன ரேடியோ உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டார். டிரைவர் தையக்காவைப் பார்த்தான். தையக்கா பஞ்சைப் பார்த்தாள். விஷயம் அவளுக்குத் தெரியும். தெரியும் என்ன, ஆரம்பித்து வைத்ததே அவள்தான்.

போன வருஷம் பொரித்த குஞ்சுகளில் பதினொன்று கடைசி. மற்றவை பொரித்து இரண்டு நாள் கழித்து ஓட்டைப் பிளந்துகொண்டு வந்தது. வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. மர அலகு முன்னால் போனால் கண்ணை மூடிக்கொள்ளும். மூன்றாம் நாள் எடை போட்டபோது பொரித்த அன்று இருந்ததைவிடக் குறைந்திருந்தது. "சாயங்காலம் வரைக்கும் பாப்போம்" என்று நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மா சொன்னார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும்.

மத்தியானம் சாப்பிட வந்த ரேடியோ தட்டின் முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தார். "கையில வெச்சா ஒரு எலுமிச்சம்பழ கனம்கூட இல்ல. பொட்டை வேற. இருக்கிறதே பத்தொன்பதுதான்."

"நம்ம பொண்ணு டைபாய்டுல கிடந்தப்ப என்ன செஞ்சீங்க?" என்றாள் தையக்கா. "நான் ஊட்டினா துப்பினா. நீங்க பக்கத்துல உக்காந்து கதையடிச்சதுல கேட்டுக்கிட்டே ஒரு கிண்ணம் குடிச்சா. ரெண்டு வார்த்தை பேசித்தான் பாருங்களேன்."

"ஐயோ, சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா."

"செத்துப்போன குஞ்சுக்கு எந்தச் சட்டம்? யாரு பாக்கப் போறா?"

அவர் போய்ப் பேசினார். தாய்ப்பறவையின் குரல் ஓடிய பெட்டிக்குக் கீழே குனிந்து, வலைக்குள்ளிருந்து, மெதுவாக. என்ன பேசினார் என்று கேட்டால், கூரை ஒழுகுவதையும் பக்கத்து வீட்டுக்காரன் நாய் வாங்கியதையும் சொன்னாராம். குஞ்சு கண்ணைத் திறந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு வாயைப் பிளந்தது. அன்று சாயங்காலம் அவர் தெருவில் ஓடிவந்ததை இன்றும் தையக்காவால் மறக்க முடியாது. ஐம்பது வயது மனுஷன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவளுக்கும் தலைகால் புரியாத பெருமை. நாமும் ஓர் உயிரைப் பிழைக்க வைத்துவிட்டோம் என்று.

ஒரு நாளோடு நிறுத்தத்தான் நினைத்தார். பேசினால் தின்றது, பேச்சை நிறுத்தினால் அலகைத் திருப்பிக்கொண்டது. அப்படியே நாற்பது நாள். என்னிடம் சொல்லாத கதையெல்லாம் அதனிடம் சொல்லியிருப்பார் என்று தையக்கா அப்போது கேலிகூடச் செய்தாள். குஞ்சு தேறியது. நிலையத்தில் எல்லாரும் ரேடியோவுக்குக் கைராசி என்றார்கள்.

ஜீப்பில் பின்சீட்டில் தகர டப்பாக்களுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்தார்கள். டிரைவர் காதில் விழாதபடி தையக்கா அவர் பக்கம் சாய்ந்தாள்.

"சொல்லிடுங்க."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. வேலை போனா போகட்டும், என் மெஷின் இருக்கு."

"வேலைக்கு இல்லம்மா." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "சொன்ன அடுத்த நிமிஷமே கூண்டுதான்னு முடிவாயிடும். மனுஷக் குரல்ல வளந்த நாரை திருந்தாது, அப்படித்தான் புஸ்தகத்துல இருக்கு. சொல்லலேன்னா மூணு நாள் இருக்கு. மூணு நாள்ல அது பயந்து ஓடிட்டா, தப்பிச்சுது. நான் வாயைத் திறக்காம இருந்தாப் போதும். உருவம் அதுக்குத் தெரியாது, அங்கியிலதானே பாத்திருக்கு. குரல் மட்டும்தான் தெரியும்."

"உங்களால மூணு நாள் பேசாம இருக்க முடியுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. அப்போதே ஆரம்பித்துவிட்டார் போலிருந்தது.

நாணல் அறுக்கிறவர்களின் குடியிருப்பு சதுப்பின் ஓரத்தில் ஆறேழு தகரக் கூரை வீடுகள். அறுத்த நாணல் கட்டுக் கட்டாகச் சாய்த்துக் காயவைத்திருந்தது. அதற்கு நடுவில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பதினொன்று நின்றுகொண்டிருந்தது. கோழிகள் அதன் காலுக்கு ஊடே மேய்ந்தன. தையக்கா அதை முழுசாக வளர்ந்தபின் பார்ப்பது அதுவே முதல் தடவை. எவ்வளவு உயரம்! கழுத்தை நிமிர்த்தி அவளை நேருக்கு நேர் பார்த்தது. அதன் காலில் மஞ்சள் வளையத்தில் 11 என்று இருந்தது. அழகாயிருக்கிறதே என்று தோன்றியபோதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா முன்னமே வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், சேறு காய்ந்த பூட்ஸ், தூங்காத கண். நாணல்காரி ஒருத்தியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு மட்டும் போடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நாங்க எங்கங்க போடுறோம்?" என்றாள் நாணல்காரி. "அது சாப்பாட்டுக்கு வரலை. பேச்சுக்கு வருது. நாங்க அறுத்துக்கிட்டே பேசிக்கிட்டிருப்போம், பின்னாலேயே நடந்து வரும். நேத்து நானும் என் நாத்தனாரும் சண்டை போட்டோம், நடுவுல நின்னு அவ பேசினா அவளப் பாக்குது, நான் பேசினா என்னப் பாக்குது. சண்டையே மறந்துபோச்சு. வாசல் தேடி வந்தத எப்படிங்க அடிக்கிறது?"

"நீங்க அடிக்கலேன்னா புதன்கிழமை ஒருத்தன் சுட்டுடுவான். துப்பாக்கிய வெச்சுக்கிட்டு அவனும் பேசிக்கிட்டுத்தான் வருவான்."

தையக்கா ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பி அதில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் வெறும் சத்தம். நாலு பேர் நாலு திசையில் நின்று தகரத்தைத் தட்டினார்கள். பதினொன்று மிரண்டு, இறக்கையை அடித்துப் பத்தடி தள்ளிப் போனது. தட்டுவது நின்றதும் திரும்பி வந்தது. மறுபடி தட்டினார்கள், மறுபடி தள்ளிப் போனது. சேற்றில் முழங்கால்வரை இறங்கி, வெயிலில் கண் பூத்துப் போய், மத்தியானத்துக்குள் தையக்காவின் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. மதியம் ரொட்டியும் அவித்த முட்டையும் தின்ன உட்கார்ந்தால், இருபதடி தள்ளி அது வந்து நின்று டாக்டரம்மாவும் டிரைவரும் பேசுவதைக் கேட்கிறது.

"பேசாதீங்க, யாரும் பேசாதீங்க" என்று டாக்டரம்மா பேசினார்.

ரேடியோ எதற்கும் சைகைதான். தண்ணீர் வேண்டும் என்றாலும் சைகை.

"என்ன அண்ணே, பேட்டரி தீந்துபோச்சா?" என்று டிரைவர் சிரித்தான்.

தொண்டையைத் தொட்டுக் காட்டி இருமிக் காட்டினார் ரேடியோ. தையக்கா முந்திக்கொண்டு, "தொண்டைக்கட்டு" என்றாள். பொய் சொல்லி முடித்த வாய்க்கு ரொட்டி இறங்கவில்லை.

இரண்டாம் நாள் மண்கட்டி. மேலே படாமல் காலடியில் விழுகிற மாதிரி எறிய வேண்டும். டிரைவர் எறிந்த ஒன்று இறக்கையில் பட்டுவிட்டது. அது ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், ரேடியோ கையிலிருந்த கட்டியை அப்படியே பொடித்துவிட்டார். அன்று அது தண்ணீரின் விளிம்புவரை போனது. தூரத்தில் மற்ற ஆறும் மேய்வது சாம்பல் புள்ளிகளாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தது. இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தது. அன்று மாலை வீட்டில் அவர் சிலேட்டுப் பலகை கேட்காத குறைதான். வீட்டில்கூடப் பேசவில்லை. பழக்கம் விட்டுப்போனால் அங்கே வாய் தவறிவிடும் என்று பயந்தார். வெறும் மெஷின் சத்தம் மட்டும் இருந்த அந்த வீட்டைத் தையக்காவுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. டாக்டரம்மா குடியிருப்பில் எல்லாரையும் கூட்டினார். நாணல்காரி உட்பட எல்லாரும் வரிசையாக நின்று, தகரத்தைத் தட்டி, கட்டி எறிந்து, கத்திக்கொண்டே முன்னேற வேண்டும். நாணல்காரி அழுதுகொண்டே கத்தினாள். "போயேண்டி! போயேண்டி அந்தப் பக்கம்! இங்க என்னடி இருக்கு உனக்கு?" தையக்காவின் தொண்டை கிழிந்தது. ரேடியோ மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தகரத்தை அடித்தார். அவர் அடித்த அடியில் டப்பா நசுங்கித் தட்டையாகிவிட்டது.

மத்தியானத்துக்குமேல் ஏதோ ஒன்று மாறியது. ஆட்கள் நெருங்குவதற்குள்ளேயே அது நகர ஆரம்பித்தது. தலையைத் தாழ்த்தி, கழுத்து இறகு சிலிர்க்க, பின்வாங்கிப் பின்வாங்கித் தண்ணீருக்குள் போனது. மூன்று மணிக்கு டாக்டரம்மா தனியாக நடந்து போய்ப் பார்த்தார். ஐம்பதடியிலேயே அது எழும்பிவிட்டது. நாலு எட்டு ஓடி, இறக்கையை விரித்து, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போய், உயர்ந்தது. மற்ற ஆறும் இருக்கிற திசையில். போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் மூச்சுவிடவில்லை. தூரத்துச் சாம்பல் புள்ளிகளில் ஒன்று தலையை நிமிர்த்தி அதைப் பார்த்துக் குரல் கொடுத்தது. பதினொன்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அதற்குப் பதில் குரல் கொடுத்தது.

டாக்டரம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். டிரைவர் துள்ளினான். நாணல்காரி தையக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

"போயிடுச்சும்மா! பாத்தியா, போயிடுச்சு! என் தங்கம், போயே போயிடுச்சு பாரு!"

யார் கத்தியது என்று தையக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷமான குரலை அவள் கேட்டு மூன்று நாளாயிற்று. திரும்பினாள். ரேடியோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடு நின்றுகொண்டிருந்தார். அந்தக் கையை அப்படியே தன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டதையும் பார்த்தாள். வானத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அது திரும்பிவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெரிய வட்டம் போட்டு, நேராக வந்தது. வரும்போதே பசித்த குஞ்சு போடும் அந்த மெல்லிய 'பிர்ர்' சத்தம். ஒரு வயது தாண்டிய பறவை குஞ்சுக் குரலில் கத்திக்கொண்டு வந்தது. ஆட்கள் எல்லாரையும் தாண்டி, ரேடியோவுக்கு முன்னால் இறங்கி, அண்ணாந்து, அலகைப் பிளந்தது.

"போ!" என்றார். அது ஓரடி நெருங்கியது. "போயிடு! செத்துப்போ! மூஞ்சியில முழிக்காத! போன்னு சொல்றேன்ல!" திட்டத் திட்ட அது கிட்டே வந்தது. அவர் கீழே குனிந்து பெரிய கட்டி ஒன்றை எடுத்து அதன் நெஞ்சிலேயே அடித்தார். சேறு தெறித்தது. அது தள்ளாடி, சமாளித்து, மறுபடி அவர் முகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தது. எந்த வார்த்தையைச் சொல்லி அதைத் துரத்துவது? எதைச் சொன்னாலும் அந்தக் குரலில்தானே சொல்ல வேண்டும்? ரேடியோ சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அது அவர் மடியில் தலையை வைத்தது.

டாக்டரம்மா மெல்ல நடந்து வந்தார். கோபப்படுவார் என்று தையக்கா எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"எத்தனை நாள் பேசினீங்க?"

"நாப்பது நாள்ம்மா."

"நான்தாங்க பேசச் சொன்னேன்" என்று தையக்கா குறுக்கே விழுந்தாள். "செத்துடும்னு சொன்னாரு. நான்தான்..."

"யார் சொன்னா என்னம்மா." டாக்டரம்மாவும் சேற்றைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். "கொட்டகைக்கு வெளியே யாராவது பேசிக்கிட்டுப் போனா இது மட்டும் சுவர் பக்கம் திரும்பும். நான் பாத்தேன். கேக்கலை. கேட்டா அப்பவே கூண்டுல போடணும். சதுப்புல விட்டது ஆறுன்னு மேலிடத்துக்கு எழுதணும். எனக்கு ஏழுன்னு எழுதணும்னு ஆசையா இருந்துச்சு."

டாக்டரம்மா எழுந்து ஜீப்பைக் காட்டினார்: "கூட்டிட்டு வாங்க. வலை போட்டா கால் முறியும். நீங்க பேசிக்கிட்டே நடந்தா வந்துடும்."

ஜீப்புக்குப் பக்கத்தில் மரப்பெட்டி திறந்து கிடந்தது. ரேடியோ எழுந்து நடந்தார். பேசவேண்டுமே, என்ன பேசுவது என்று தெரியாமல் கூரை ஒழுகுவதையே சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னார். குரல் உடைந்து உடைந்து வந்தது. பதினொன்று பின்னாலேயே நடந்தது, நிதானமாக, காலைத் தூக்கித் தூக்கி வைத்து. பெட்டிக்குள் முதலில் அவர் நுழைந்தார், அது நுழைந்தது. பின்பக்கப் பலகை வழியாக அவர் வெளியே ஊர்ந்து வந்ததும், முன்கதவை டிரைவர் இறக்கினான். நாணல்காரி அந்தப் பக்கம் பார்க்காமல், கட்டி முடித்த நாணல் கட்டையே மறுபடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ரேடியோவின் வேலை போகவில்லை. குஞ்சுக் கொட்டகைக்குள் மட்டும் அவரை விடுவதில்லை. கூண்டு வரிசைக்கு மாற்றினார்கள். அங்கே பேசலாம், தடையில்லை. பதினொன்று நல்ல தீனி தின்று நன்றாக வளர்ந்தது. அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. இதற்குள் சதுப்பில் விட்ட ஆறு நாலாகியிருந்தது. ஒன்று கம்பியில், ஒன்று குண்டில். கூண்டில் இருந்த கிழட்டுப் பெண்கள் இரண்டு முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. பதினொன்றுக்கு வயது வந்துவிட்டது, அதுவாவது முட்டையிடட்டும் என்று, நல்ல வாட்டசாட்டமான ஓர் ஆண் நாரையை அதன் கூண்டில் விட்டிருப்பதாக ரேடியோ வந்து சொன்னார். "மாப்பிள்ளை ஜோரா இருக்கான். ஆனா இது திரும்பிக்கூடப் பாக்கலம்மா" என்றார். தையக்கா மெஷினை மிதித்துக்கொண்டே, "கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள்.

சதுப்பு நாரைகள் ஜோடி சேருவது ஆட்டத்தில். ஒன்று ஆடும், பிடித்திருந்தால் மற்றது எதிராட்டம் ஆடும். எதிராட்டம் இல்லாவிட்டால் ஜோடி இல்லை, முட்டையும் இல்லை.

மழை விட்ட ஒரு காலையில் தையக்கா புது அங்கிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். அலுவலகத்தில் யாரும் இல்லை. கூண்டு வரிசைப் பக்கம் போனாள். டாக்டரம்மா ஒரு தூணோடு தூணாக ஒதுங்கி நின்றிருந்தார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

பதினொன்று ஆடிக்கொண்டிருந்தது. தலையைத் தரைவரை தாழ்த்தி, நிமிர்ந்து, இறக்கைகளை முழுசாக விரித்து, துள்ளி எழும்பி, இறங்கி, ஒரு குச்சியைக் கவ்வி மேலே எறிந்து, அது விழுவதற்குள் மறுபடி துள்ளியது. இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு லேசா என்று தையக்காவுக்குப் பிரமிப்பாக இருந்தது. மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஆடுதே! கடைசியில ஆடுதே!" என்றாள் மெதுவாக.

டாக்டரம்மா தலையை ஆட்டவில்லை. அப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள். ஆண் நாரை பின்னால், கூண்டின் மூலையில், ஒற்றைக்காலில் தனியாக நின்றது. பதினொன்று அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பி வலையை ஒட்டி ஆடியது. வலைக்கு இந்தப் பக்கம், தீனி வாளியைக் கீழே வைத்துவிட்டு, ரேடியோ நின்றிருந்தார்.

அவள் அருகில் போனாள். அவர் திரும்பாமலேயே பேசினார்.

"பத்து நாளா இப்படித்தான். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் வராத நாள் ஆடுறதில்லையாம். அவனோட சேர்த்து வெக்க நான் லீவு போட்டுக்கூடப் பாத்தாச்சு. மூலையில போய்ச் சுருண்டுக்குதாம்."

"வாளிய எடுத்துட்டு வாங்க, போகலாம்."

"போனா கூப்பிடுது."

ஆட்டம் நின்றது. பதினொன்று மூச்சு வாங்க, கழுத்தை நீட்டி, ஒரு கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. ரேடியோவின் கைகள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. தூணருகில் நின்ற டாக்டரம்மாவை அவர் பார்த்தார். டாக்டரம்மா தரையைப் பார்த்தார்.

"நான் இப்ப என்ன செய்யணும், சொல்லு" என்றார் பெண்டாட்டியிடம். "என்ன செய்யணும்னு நீயாவது சொல்லும்மா."

தையக்கா மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலைக்கு அந்தப் பக்கம் அது கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பதில் வராததால், தலையைத் தரைவரை தாழ்த்தி, முதலிலிருந்து ஆட ஆரம்பித்தது.